கண்மாய்ச் சேறு: யாருக்கு எது?

கோடையில் கண்மாய் வற்றியதும் ஊர்ப்பக்கம் டிராக்டர்கள் வரிசை கட்டிவிடும். வண்டல் அள்ள அரசு இலவசமாகவே அனுமதி கொடுக்கிறது. நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90, மண்பாண்டம் செய்பவருக்கு 60, வீட்டுத் தேவைக்கு 30 என்று கணக்கும் வைத்திருக்கிறார்கள். முன்பு இதற்காக மேலே மேலே மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது, 2024இல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று மாற்றினார்கள், நல்ல காரியம். 75 கன மீட்டர் என்பது, யூனிட்டுக்கு 100 கன அடி என்ற நம்ம ஊர்க் கணக்கில், கிட்டத்தட்ட 26 யூனிட். கேட்க மலைப்பாக இருக்கும். ஒரு ஏக்கரில் சீராகப் பரப்பிப் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட வராது.

இந்தக் கணக்கெல்லாம் எவ்வளவு என்பதைப் பற்றியது. எந்த மண் என்பதை யாரும் கேட்பதில்லை. அந்த 26 யூனிட்டில் நமக்கு என்ன வந்து சேரும் என்பது பொக்லைன் கண்மாயின் எந்த மூலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே கண்மாய்தான், ஆனால் வரத்துக்கால் பக்கம் அள்ளினால் ஒரு மண், நடுவில் வேறு, மடைக்குப் பக்கத்தில் முற்றிலும் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சேறுதான்.

இப்படிப் பிரித்து வைப்பது தண்ணீர். மழைக்காலத்தில் வரத்துக்கால் வழியாகக் கலங்கலாக ஓடி வரும் நீரில் பெருமணலிலிருந்து கண்ணுக்கே தெரியாத களித்துகள் வரை எல்லாம் கலந்திருக்கும். ஓட்டம் இருக்கும்வரை எல்லாமே மிதந்து வரும், கண்மாய்க்குள் நுழைந்து நீர் விரிந்து வேகம் குறைந்ததும் கனமானது முதலில் விழும். இதில் ஆச்சரியமான விஷயம் துகளின் அளவுக்கும் விழும் வேகத்துக்கும் உள்ள உறவு. பாதி அளவுள்ள துகள் பாதி வேகத்தில் விழாது, கால்வாசி வேகத்தில்தான் விழும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். அதைவிடப் பத்து மடங்கு சிறிய துகளுக்கு மூன்று மணி நேரம். அதையும்விடப் பத்து மடங்கு சிறிய களித்துகளுக்குப் பதின்மூன்று நாள் ஆகும். அதனால் மணல் வாய்ப்பக்கமே நின்றுவிடுகிறது, நடுத்தரமானது உள்ளே வந்து படிகிறது, களி மட்டும் ஆழமான இடத்துக்கு, அதாவது கரையையும் மடையையும் ஒட்டிய பகுதிக்கு வந்து, நீர் அமைதியாக நிற்கிற நாட்களில் நிதானமாக இறங்குகிறது. வருஷா வருஷம் இதே கதை, அடுக்குக்கு மேல் அடுக்கு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் மணல் படிந்துவிடும். சில மணி நேரத்தில் அதன் மேல் வண்டல். களி ஓரிரு நாள் கலங்கலாகவே நின்று கடைசியில் மேலே வழவழப்பாக ஒரு படலமாக உட்காரும். உப்பு போடாவிட்டால் இன்னும் பல நாள் இழுத்தடிக்கும். கோடு போட்டதுபோல மூன்று அடுக்கும் தெரியும், அளவுகோல் வைத்து அளந்தால் எது எத்தனை பங்கு என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம். 26 யூனிட்டுக்கு டிராக்டர் வாடகை கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு பாட்டில் வேலையைச் செய்வது லாபம்.

பெயர்களில் கொஞ்சம் குழப்பம் உண்டு. மண்ணியல் படித்தவர்கள் வண்டல் என்றால் மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகளை மட்டும் சொல்வார்கள், விவசாயிக்கோ வெள்ளம் கொண்டுவந்து விட்டுப்போன எல்லாமே வண்டல்தான். தென் மாவட்டங்களில் கண்மாயிலிருந்து அடிக்கிற மண்ணைக் கரம்பை என்பார்கள். நெல் நடவுக்குக் குழப்பி வைத்த வயல்சேறு தொளி. மாடும் வண்டியும் மிதித்துப் பாழாக்கிய பாதை சகதி. கால் வைத்தால் உள்ளே இழுக்கிற இடம் உளை. மணலும் களியும் கலந்த, எதற்கும் முழுதாக உதவாத, மேடு நிரப்ப மட்டும் சரியான மண் சவுடு. இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

களிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், அது வெறும் பொடிப்பொடியான மணல் கிடையாது. மணல் உருண்டையும் கோணலுமான கல்துணுக்கு, களித்துகள் தட்டையானது, அப்பளக்கட்டு மாதிரி தகடு தகடாக அடுக்கியது. தகடுகளுக்கு நடுவே நீர் நிற்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் பிரியாது. கையில் உருட்டினால் கயிறாக நீள்வதும், வைத்த உருவம் அப்படியே நிற்பதும் இதனால்தான். கரிசல் மண்ணில் உள்ள களி இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு தகட்டுக்குள்ளும் நீரை உள்ளே விட்டு உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கோடையில் காட்டுக்குள் நடந்தால் கை நுழைகிற அளவு வெடிப்புகள் இருக்கும். மழை பெய்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் மண் செருப்பில் ஒட்டி, பத்தடி போவதற்குள் கால் ஆளுக்கு மேல் கனக்கும். செம்மண்ணில் பெரும்பாலும் உப்பாத வகைக் களி, அதனால் அங்கே இந்தத் தொல்லை கிடையாது. கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு அடியில் மணல் நிரப்புவது, ஆழமாகத் தூண் இறக்குவது என்று செலவு செய்வதெல்லாம் இந்த உப்பலுக்குப் பயந்துதான்.

உளையில் கால் மாட்டினால் ஏன் வெடுக்கென்று இழுக்க வரமாட்டேன் என்கிறது? காலைத் தூக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது, அதை நிரப்ப நீர் வர வேண்டும், களியின் இடைவெளி அவ்வளவு நுண்மையானது என்பதால் நீர் சட்டென்று வராது. வேகமாக இழுக்க இழுக்க பிடிப்பு கூடும். காலை மெல்ல அசைத்து, பக்கவாட்டில் திருகி, நீர் உள்ளே இறங்க நேரம் கொடுத்து எடுக்க வேண்டும். கண்மாயில் மாடு மாட்டிக்கொண்டால் பெரியவர்கள் முதலில் கயிறு கட்டி இழுக்காமல் காலைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக் கலக்கச் சொல்வதன் சூட்சுமம் இதுவே.

சரி, விவசாயத்துக்கு வருவோம். கண்மாய் வண்டல் போட்டால் நிலம் தேறும் என்பது உண்மை, ஆனால் எல்லா நிலமும் தேறாது. நீர் நிற்காத செம்மண் புன்செய், மணல்சாரி நிலம், இவற்றுக்குக் களி கலந்த வண்டல் அருமருந்து. நீரையும் சத்தையும் பிடித்து வைக்க அந்த மண்ணில் இல்லாததை இது கொண்டுவருகிறது, மட்கிய இலைதழையும் கூடவே வரும். ஏற்கெனவே களியாக இருக்கிற நன்செயில் மறுபடி மடைக்களியைக் கொண்டுவந்து கொட்டினால் வடிகால் கெட்டு, உழவு கடினமாகி, காய்ந்தால் பாறையாகிவிடும். பக்கத்துக் காட்டுக்காரர் அடித்தார், நாமும் அடிப்போம் என்று போய்ச் சிக்குகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். இன்னொன்று, அள்ளி வந்ததைக் கட்டி கட்டியாகப் போட்டுவிட்டு உடனே விதைக்கக் கூடாது, வெயிலில் காய்ந்து, கோடை மழையில் நனைந்து, தானாகப் பொலபொலவென்று உதிர்ந்த பிறகு உழுது கலப்பதுதான் முறை.

நெல் வயல் மட்டும் தனி உலகம். மற்ற எல்லாப் பயிருக்கும் மண் பொலபொலப்பாகக் காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்று பாடுபடுகிற அதே விவசாயி, நெல்லுக்கு மட்டும் நீர் கட்டி, உழுது, மிதித்து, பரம்படித்து மண்ணின் கட்டமைப்பையே வேண்டுமென்று உடைக்கிறார். காரணம் மூன்று. முதலாவது, குழப்பிய சேற்றின் நுண்துகள்கள் கீழே இறங்கித் துளைகளை அடைத்து, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே கெட்டியான தளம் உண்டாகிறது, தண்ணீர் தரைக்குள் ஓடிப்போகாமல் வயலில் நிற்பது அதனால்தான். அந்தத் தளம் ஓரிரு ஆண்டில் வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக மிதித்து உண்டானது, கனமான டிராக்டர் அதை உடைத்துப் புதைந்து நிற்கும்போதுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். இரண்டாவது, களை அடங்குகிறது. மூன்றாவது, நீர் மூழ்கிய சேற்றில் காற்று தீர்ந்துபோனதும் இரும்போடு பிணைந்து கிடந்த மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. காற்றில்லாத சேற்றில் மற்ற பயிரின் வேர் அழுகிவிடும், நெல்லுக்கு இலையிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுபோகும் குழல்திசு இருக்கிறது. இதே காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் மீத்தேனை உண்டாக்குகின்றன, வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சுங்கள் என்று வேளாண் துறை சொல்வதில் தண்ணீர்ச் சிக்கனத்தோடு இந்தக் கணக்கும் இருக்கிறது.

சேறு என்றாலும் அதற்குப் பதம் உண்டு. உழுதவுடன் நட்டால் நாற்று கூழில் மிதந்து சாயும், கொஞ்சம் அமர விட்டு, மேலே தெளிந்த நீர் நின்று, கீழே மண் இறுகத் தொடங்குகிற நேரத்தில் நட வேண்டும். நடவு இயந்திரத்துக்கு இது இன்னும் முக்கியம், அமராத சேற்றில் இயந்திரமே நாற்றைத் தள்ளிக்கொண்டு போகும். அப்புறம் டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, நெல் நிற்கும்போதே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள் இல்லையா, அதற்கு மெழுகுப் பதம் என்று பெயர். விதை மண்ணில் பதிய வேண்டும், ஆனால் மூழ்கக் கூடாது. தெளிப்பு ஒரு நாள் முந்தினால் விதை அழுகும், இரண்டு நாள் பிந்தினால் மேலேயே கிடந்து காயும். அதற்குக் கருவி எதுவும் கிடையாது, வரப்பிலிருந்து வயலில் இறங்கிக் காலால் அழுத்திப் பார்ப்பதுதான். உழவு இல்லை, உரம் இல்லை, பாசனம் இல்லை, பனியையும் மிச்ச ஈரத்தையும் வைத்தே ஒரு மகசூல் எடுக்கிற இந்த முறை எனக்கு எப்போதும் வியப்புதான். கூட்டு அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதன் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்குவதால் பல இடங்களில் இது நொடித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

குயவர் கண்மாய்க்கு வந்தால் அவர் பார்வை வேறு. அவருக்கு வேண்டியது மடைப்பக்கத்துக் களி, ஆனால் அதுவும் தனியாக உதவாது. சுத்தக் களியில் வனைந்தால் காயும்போது அளவுக்கு மீறிச் சுருங்கி விரிசல் விடும், அதனால் வண்டலோ நைஸ் மணலோ பதமாகச் சேர்த்து, ஊறவைத்து, காலால் மிதித்து, கல்லும் வேரும் பொறுக்கி எடுக்க வேண்டும். விரல் கனத்துக்குக் கயிறாகத் திரித்து விரலைச் சுற்றிப் பார்ப்பார்கள், வெடிக்காமல் சுற்றினால் மண் தேறியது. வைகைக் கரையில் இருக்கிற மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரியில் வாசிக்கிற கடம் அங்கே செய்கிறார்கள், சாதாரணப் பானையைவிடக் கனமான சுவர், ஈரம் முழுதாக வற்றுவதற்கு முன் உள்ளே கல்லும் வெளியே பலகையுமாகத் தட்டித் தட்டி இறுக்குவது. கனம் எங்காவது ஒரு இடத்தில் மாறினாலும் நாதம் மாறிவிடும் என்பதால் மண் சேர்மானத்தில் அவர்கள் சமரசம் செய்வதில்லை.

அய்யனார் கோயில் குதிரைக்கு இதே மண் போதாது. ஆளுயரக் குதிரையின் கனத்த சுவருக்குள் சிக்கிய ஈரம் சூளையில் ஆவியாகி வெடிக்கும். அதனால் உமியும் மணலும் தாராளமாகக் கலப்பார்கள், உமி எரிந்து போன இடத்தில் சிறு துளைகள் மிஞ்சும், ஆவி அதன் வழியே வெளியேறும். புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத்தில் புரவி எடுப்பு விழாவுக்கு முன் ஊர்க்காரர்கள் குதிரை செய்கிற குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி மண்ணை வாங்கிக்கொண்ட பிறகுதான் குதிரை வேலை தொடங்கும், ஒப்பந்தமும் அதுதான், சடங்கும் அதுதான்.

சூளைக்குள் நடப்பது ஒருவழிப்பாதை. வெயிலில் காய்ந்த பானையை நீரில் போட்டால் மறுபடி சேறாகும். ஐந்நூறு, அறுநூறு டிகிரி வெப்பம் தாண்டிவிட்டால் தகடுகளுக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் போய்விடும், அதற்கு அப்புறம் எந்த நீரிலும் அது கரையாது. கீழடியில் இன்றும் ஓடுகள் கிடைப்பது அதனால்தான். அங்கே கிடைக்கிற கறுப்புச் சிவப்புப் பானைகளின் இரட்டை நிறமும் சூளை வேலைதான், மண்ணில் உள்ள இரும்பு காற்று பட்ட பக்கம் சிவக்கிறது, காற்றில்லாமல் புகையில் கிடந்த பக்கம் கறுக்கிறது.

வீடு கட்டுகிறவருக்குக் களி அதிகம் ஆகவே ஆகாது. மண்சுவருக்கு மணற்பாங்கான செம்மண்தான் சரி, அதில் வரகு வைக்கோல் நறுக்கிப் போட்டு ஊறவைத்து மிதித்து, ஒரு படை வைத்தால் அது காய்ந்த பிறகுதான் மேலே அடுத்த படை. ஆரோவில்லில் சிமெண்ட் 5 விழுக்காடு சேர்த்து அழுத்தி, சுடாமலே மண்கட்டிகள் செய்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்கிற சேர்மானத்தில் பாதி மணல், களி ஐந்தில் ஒரு பங்குதான், மிச்சம் சரளையும் வண்டலும். சுடும் செங்கலுக்கோ களி இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், அந்தத் தேடல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கோவை தடாகம் பள்ளத்தாக்கே சாட்சி. யானை நடமாடுகிற இடத்தில் செம்மண்ணைப் பனைமர ஆழத்துக்கு வெட்டி எடுத்தார்கள், அனுமதி இல்லாமல் ஓடிய நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகளை 2021இல் மூட வேண்டியதாயிற்று. பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன.

சலவைக்கு உவர்மண், தலைக்குத் தேய்க்கக் கரம்பை, அடுப்புப் போடப் புற்றுமண் என்று இன்னும் பல உண்டு. உவர்மண்ணில் இயற்கையாகவே சோடா உப்பு இருப்பதால் வெள்ளாவிக்கு அது சோப்பாக இருந்தது. சோப்பும் ஷாம்பூவும் கேஸும் வந்து இவற்றை ஒதுக்கிவிட்டன, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, உவர்மண் சுமந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குளத்து விராலில் அடிக்கிற சேற்று வாடைகூட சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் விடுகிற ஒரு சேர்மம்தான், நல்ல தண்ணீரில் சில நாள் விட்டு வைத்தால் போய்விடும்.

இப்போது மறுபடி பொக்லைனுக்கு வருவோம். தூர் வாருவது புது வேலை கிடையாது. உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது, ஏரியில் ஆண்டுதோறும் மண் எடுக்க ஓடமும் ஆளும் வைத்து, அதற்கு நிலம் விட்ட செய்தியெல்லாம் பழைய கல்வெட்டுகளில் வருகிறது. இன்னும் கெட்டிக்காரத்தனம், ஏரிநீரைத் திறந்துவிட அந்தக் காலத்தில் வைத்த குமிழித்தூம்பு என்ற மதகு. மேலே நீரோடித் துளை, கீழே தரையை ஒட்டிச் சேறோடித் துளைகள், தூம்பைத் திறந்ததும் ஓடுகிற நீரின் இழுப்பில் அடியில் படிந்த சேறும் கலந்து வயலுக்குப் போய்விடும். மடையில் அடைப்பும் வராது, வயலுக்கு வண்டலும் கிடைக்கும். நாம் வைத்த இரும்பு ஷட்டருக்கு இந்தப் புத்தி கிடையாது.

கண்மாய் அடியில் இருக்கிற களிப்படுகைதான் அதைக் கண்மாயாக வைத்திருக்கிறது. நெல்வயலின் அடித்தளம் மாதிரியே, பல நூறு ஆண்டாக இறங்கிய நுண்துகள் நீர் கசியாமல் அடைத்து வைத்திருக்கிறது. மேலே படிந்த வண்டலை எடுப்பது தூர் வாருதல், களியையும் தாண்டி அடிமணலைத் தொடுவது கண்மாய்க்கு ஓட்டை போடுவது. இங்கேதான் சவுடு வருகிறது. தாளில் சவுடு என்று எழுதி அனுமதி வாங்கிவிட்டு அடியில் இருக்கிற மணலை லாரியில் ஏற்றுவது தெற்கே நன்றாகவே நடந்த வியாபாரம், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குகள் போனதும் இதனால்தான். அதிகாரி வந்து பார்த்தால் எல்லாம் ஒரே மண்தானே என்று சொல்லிவிடலாம். ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக் குலுக்கிப் பார்க்கிற அதிகாரியை நான் இதுவரை பார்க்கவில்லை. அள்ளியவர்கள் பெரும்பாலும் கரையடியிலேயே பள்ளம் பறித்துவிட்டுப் போவார்கள், லாரி நிற்க வசதியான இடம் அது, அடுத்த மழையில் கரை சரிவதற்கும் வசதியான இடம் அதுவே.

பெரிய அணைகளின் கதை வேறு அளவு. மேட்டூர் 1934இல் கட்டி முடித்தபோது 93.47 டி.எம்.சி. கொள்ளளவு, அதில் ஒரு பகுதி இன்று சேறு. அந்தச் சேறு முன்பு ஆடி வெள்ளத்தில் தஞ்சாவூர் வயல் வரை போனது. மேட்டூரும் அதற்கு மேலே கர்நாடகத்தில் கண்ணம்பாடி அணையும் வந்த பிறகு டெல்டாவுக்குத் தெளிந்த நீர் வருகிறது, வண்டல் மேலேயே தங்கிவிடுகிறது. அணைக்குப் பாரம், வயலுக்கு நட்டம். 2017இல் மேட்டூரில் வண்டல் எடுக்க விவசாயிகளை விட்டார்கள், ஆனால் டிராக்டர் போகிற தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும், சேலத்து வண்டலை நாகப்பட்டினத்துக்கு யார் ஏற்றிப் போவது?

எல்லாக் கண்மாய் வண்டலும் உரம் என்று நம்பி இறங்கவும் முடியாது. களித்துகள் சத்தைப் பிடித்து வைப்பதுபோலவே கழிவையும் பிடித்து வைக்கும். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது, கடைசியில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. அந்த மாதிரி இடத்துச் சேற்றை இலவசமாகக் கொடுத்தாலும் காட்டுக்குள் விடக் கூடாது. நகரத்து ஏரிகளும் சாக்கடை இறங்குகிற கண்மாய்களும் அப்படித்தான், அள்ளுவதற்கு முன்னால் மூன்று நான்கு இடத்தில் மண் எடுத்து அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பையும் களர்த்தன்மையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாயப்பட்டறையோ தோல் தொழிற்சாலையோ மேலே இருந்தால் கன உலோகமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வழக்கமான பரிசோதனையில் அது வராது.